12 நாள் குழந்தை புரளுமா? – சிஸ்டர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி குழந்தை புரளுவதைப் பற்றித்தான். யார் வீட்டு வீடியோவோ இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது போல. அதனால் தொப்புள், பால் கக்குவது, கிரைப் வாட்டர் பற்றிக் கேட்டவர்கள் எல்லாரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. நேற்று என் மாமியார் அவளைக் குளிக்க வைத்துவிட்டு, பாயில் குப்புறக் கிடத்தி முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் தலையைத் தூக்கினாள், ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், அப்படியே மல்லாந்துவிட்டாள். சாயங்காலம் மறுபடியும் செய்தாள். வீடியோவைக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டதும் எல்லாரும் "டாக்டராகத்தான் வருவாள்" என்கிறார்கள். என் பெரியம்மா மட்டும், இவ்வளவு சீக்கிரம் புரண்டால் நரம்பில் ஏதோ கோளாறு, உடனே கொண்டு போய்க் காட்டு என்கிறார். மாமியார் தேங்காய் உடைக்கத் தயாராக இருக்கிறார். நான் எதைச் செய்வது?
– ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: தேங்காய் உடைப்பதை நான்கைந்து மாதம் தள்ளிப் போடுங்கள். இந்தத் தேங்காய் அதுவரை தாங்காது, சட்னி அரைத்துவிட்டு அப்போது வேறு வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் டாக்டரிடம் ஓடவும் தேவையில்லை.

பிறந்த குழந்தையின் உடம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொத்த நீளத்தில் கால் பங்கு தலைதான். கருப்பையில் அத்தனை மாதம் சுருண்டு கிடந்ததால் முழங்கால்கள் வயிற்றோடு மடங்கியே இருக்கும், குப்புறக் கிடத்தினால் இடுப்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில், உடம்பிலேயே கனமான பாகமான தலையை அவள் எப்படியோ ஒரு நொடி தூக்கி ஒரு பக்கம் திருப்பிவிட்டால் எடை முழுக்க அந்தப் பக்கம் போய்விடும், கீழே ஊன்றிக்கொள்ளக் கைகளில் இன்னும் பலம் இல்லை, ஆள் உருண்டுவிடுவாள். இது போதாதென்று பிறக்கும்போதே கூட வரும் அனிச்சைச் செயல் ஒன்றும் இருக்கிறது. கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறதோ, தோளும் இடுப்பும் தனித்தனியாகத் திரும்பாமல் மொத்தமாக அதே பக்கம் போகும். உங்கள் வீட்டில் முதுகுக்கு எண்ணெய் வேறு. அம்மாவின் மார்பில் சாய்வாகப் படுத்திருக்கும்போதும், நடுவில் குழிந்த பழைய மெத்தையிலும் இது இன்னும் சுலபமாக நடக்கும். ஆக, அவள் முயற்சி செய்து புரண்டாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவள் தலை அவளைப் புரட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இதை இப்போதே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. இன்னும் சில வாரத்தில் அவள் கை கால்கள் நீண்டு விரிந்து, இடுப்பு தரையோடு படிந்துவிடும். அப்போது இந்த உருளல் நின்று போகும். உடனே நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள், "முதல் மாதம் புரண்ட குழந்தை இப்போது புரளவே மாட்டேன் என்கிறது, மறந்துவிட்டதா" என்று. கிளினிக்கில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்வியோடு எத்தனை அம்மாக்கள் வந்திருக்கிறார்கள்! மறக்கவில்லை, அவள் இன்னும் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொண்டு புரளும் விதம் வேறு. எட்ட இருக்கும் கிலுகிலுப்பையைப் பார்ப்பாள், ஒரு காலைத் தூக்கிக் குறுக்கே போடுவாள், இடுப்பு முதலில் திரும்பும், உடம்பு நடுவில் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் தோள் வரும், கடைசியில் அடியில் மாட்டிக்கொண்ட கையை வெளியே இழுக்கத் தெரியாமல் கத்துவாள். குப்புறப் படுத்திருந்து மல்லாந்து விழுவது பெரும்பாலும் 4 மாதத்தை ஒட்டி வரும், மல்லாந்த நிலையிலிருந்து குப்புற விழுவது 5, 6 மாதம். சில குழந்தைகள் இந்த வரிசையை மாற்றிச் செய்யும், அதிலும் தப்பில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022-ல் திருத்தி வெளியிட்ட பட்டியலில், குப்புறப் படுத்ததிலிருந்து மல்லாந்து புரளுவதை 6 மாதக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் பிள்ளைத்தமிழ்க் கணக்கில் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவமே ஐந்தாம் மாதம்தான். அதைப் பாடியவர்களும் வீட்டில் குழந்தையைப் பார்த்துத்தான் பாடியிருப்பார்கள்.

டாக்டராக வருவாளா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2006-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறு அசைவுகளுக்குக் கால அளவு வெளியிட்டது: உட்காருவது, தவழ்வது, பிடித்துக்கொண்டு நிற்பது, பிடித்துக்கொண்டு நடப்பது, தனியே நிற்பது, தனியே நடப்பது. புரளுவதை அதில் சேர்க்கவே இல்லை. தனியே நடப்பதற்கு அவர்கள் கொடுத்த அளவு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. இவ்வளவு பெரிய இடைவெளிக்குள் எங்கே நடந்தாலும் சரிதான் என்னும்போது, 12 நாளில் உருண்டதை வைத்து ஜாதகம் எழுத வேண்டாம்.

பெரியம்மாவையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சீக்கிரம் புரளுவது சில நேரம் தசை இறுக்கத்தின் அடையாளமாக இருக்கும், அடுத்த கடிதத்துக்கு எழுதும் பதிலையும் படியுங்கள். எத்தனையாவது நாளில் புரண்டாள் என்பதைவிட எப்படிப் புரண்டாள் என்பதைப் பாருங்கள். தூக்கும்போது உடம்பு இளகி உங்கள் தோளில் ஒட்டுகிறதா, தூங்கும்போது கை விரல்கள் தளர்ந்து விரிகின்றனவா, இரண்டு பக்கமும் கை கால் ஒரே மாதிரி உதைக்கிறதா, பால் நன்றாக இறங்குகிறதா? இத்தனைக்கும் ஆமாம் என்றால் நிம்மதியாக இருங்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள். அனிச்சையாக உருண்டாலும் கட்டிலிலிருந்து விழுந்தால் விழுந்ததுதான். "பச்சைக் குழந்தை, எங்கே போகப் போகிறது" என்று பெரிய கட்டிலின் நடுவில் விட்டுவிட்டு நாப்பி எடுக்கப் போகும் வழக்கம் இன்றோடு முடிந்தது. ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்கட்டும், அல்லது குழந்தை தரையில் பாயில் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் மதுரைப் பக்கம். என் கணவரின் வேலைக்காக மிட்ராண்டில் இருக்கிறோம். மகன் 35 வாரத்தில் பிறந்தான், இப்போது 9 வாரம். ஒரு வாரமாக மல்லாந்த நிலையிலிருந்து புரண்டுவிடுகிறான், ஆனால் எப்போதும் வலது பக்கம்தான். புரளும்போது தலையைப் பின்னால் தள்ளி முதுகை வில்லாக வளைக்கிறான். இடது கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது. பால் குடித்து முடிக்க ரொம்ப நேரம் ஆகிறது. ஊரில் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன், பையன் பலசாலி என்றார்கள். பெருமைப்படுவதா, பயப்படுவதா?
– மிட்ராண்ட் வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி, இந்த வாரமே குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் வயசுக் கணக்கு. 5 வாரம் முந்திப் பிறந்தவன், அதனால் வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த 5 வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், 2 வயது வரை இப்படித்தான். அப்படியென்றால் அவன் இப்போது 4 வாரக் குழந்தை. 4 வாரக் குழந்தை மல்லாந்த நிலையிலிருந்து தானே புரளுவதற்குப் பலம் காரணமாக இருக்காது. முதுகுத் தசை இறுகி வளையும்போது உடம்பு தானாகக் கவிழ்ந்துவிடும், பார்ப்பவருக்கு அது பலம் மாதிரித் தெரியும்.

காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம். பால் எதிர்த்து மேலே வரும் குழந்தைகள் நெஞ்செரிச்சலில் இப்படித்தான் வளையும். கழுத்தில் ஒரு பக்கத் தசை மட்டும் இறுகியிருந்தாலும் ஒரே பக்கம் திரும்பும், அதைப் பிசியோவில் சரி செய்துவிடலாம். ஆனால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையில் கோளாறு இருந்தாலும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் தெரியும்: முதுகு வளைவது, ஒரு கை மட்டும் இறுக மூடியிருப்பது, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மாட்டிக்கொள்வது, கால்கள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போவது, பால் குடிக்கச் சிரமப்படுவது. உங்கள் கடிதத்தில் இதில் மூன்று இருக்கிறது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இந்த வயதில் மூளை வேகமாக வளர்ந்துகொண்டிருப்பதால் பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட அசைவுகளைப் பழக்கும் சிகிச்சை) எல்லாம் எவ்வளவு முன்னதாக ஆரம்பிக்கிறதோ அவ்வளவு பலன் கிடைக்கும். காட்டிய பிறகு "ஒன்றுமில்லை, பால் எதிர்த்து வருவதுதான்" என்று சொன்னால் ஒரு டாக்டர் ஃபீஸ் போனதோடு சரி.

போகும்போது வீடியோ கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் எந்தக் குழந்தையும் வேலையைக் காட்டாது, தூங்கிவிடும். புரளும்போது ஒன்று, பால் குடிக்கும்போது ஒன்று, சும்மா மல்லாந்து கிடக்கும்போது ஒரு நிமிடம், இது போதும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லையென்றால் அதற்காகத் தயங்க வேண்டாம், 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரசு கிளினிக்கில் 1994 முதல் கட்டணம் கிடையாது, அங்கிருந்து மேலே அனுப்புவார்கள். குழந்தையின் தடுப்பூசி, எடை எல்லாம் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை மறக்காதீர்கள்.

குழந்தை கை கால்களைத் திடீரென வெட்டி இழுப்பது, தலையைச் சடக்கென முன்னால் குனிப்பது, அதுவும் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தால் வார இறுதி என்று பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: எனக்கு வயது 76. ஆறு பிள்ளை பெற்றேன், ஆறையும் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன். வீட்டுக்கு வந்த நர்ஸே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள், பால் கக்கினால் தொண்டையில் அடைக்காது என்று. இப்போது என் பேத்தி, பிள்ளையைக் குப்புறப் போட்டாலே என்னைக் கொலைகாரி மாதிரிப் பார்க்கிறாள். அந்தக் குழந்தை 6 வாரத்திலேயே தானாகப் புரளுகிறது, இனி எப்படிப் போட்டால் என்ன?
– டோங்காட் ஆயா

பதில்: அம்மா, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் காலத்து நர்ஸ் சொன்னது அந்தக் காலத்துப் புத்தகத்தில் இருந்ததுதான், பல நாடுகளில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். எண்பதுகளின் கடைசியில் நியூசிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் தொட்டிலில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான், குப்புறத் தூங்கிய குழந்தைகள் அதில் அதிகம் என்று தெளிவாகத் தெரிந்தது. 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் மல்லாந்து தூங்க வையுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அமெரிக்காவில் அந்த மரணங்கள் அடுத்த பத்து வருடங்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன. மருந்து இல்லை, மெஷின் இல்லை, படுக்கப் போடும் விதத்தை மாற்றியதுதான் பெரிய காரணம். உங்கள் ஆறு பேரும் நன்றாக வளர்ந்தது சந்தோஷம். வளராமல் போன பிள்ளைகளின் வீட்டில் யாரும் அதைப் பேசிக்கொண்டிருப்பதில்லை.

பால் தொண்டையில் அடைக்கும் என்ற பயம் எல்லா ஆயாவுக்கும் உண்டு. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கஷ்டம். குப்புறக் கிடக்கும்போது அது தலைகீழ், பால் கீழே வழியும் பாதையில்தான் மூச்சுக்குழாய் இருக்கிறது. அது மட்டுமில்லை, மெத்தையில் முகம் புதைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், உடம்பு சூடாகும், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து விழித்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும் சக்தி குறையும். டர்பன் பக்கம் பிப்ரவரி வெக்கையில் சாக்ஸும் கம்பளித் தொப்பியும் போட்டுத் தூங்க வைக்கிறார்களே, அதையும் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

6 வாரத்தில் தானாகப் புரளுகிறது என்பதால்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வயதில் ஒரு பக்கம் உருளும், திரும்பி வரத் தெரியாது. மல்லாந்தே தூங்கிப் பழகிய குழந்தை திடீரென ஒரு நாள் குப்புறத் தூங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். பகல் தூக்கத்துக்குப் பேத்தி உங்களிடம் விட்டுப் போகும்போதும் மல்லாந்தே போடுங்கள், வீட்டுக்கு வீடு மாறக் கூடாது.

சரி, குப்புறப் போடவே கூடாதா? விழித்திருக்கும்போது தாராளமாகப் போடலாம், போடவும் வேண்டும், அதுதான் உங்கள் வேலை. பாயை விரித்து நீங்கள் எதிரே படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை, அழுதால் தூக்கிவிடலாம். கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வரும், பின்மண்டை தட்டையாகாமலும் இருக்கும். மண்டை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை தைத்து வைத்திருந்தால் அதைப் பிரித்துக் கடுகைத் தாளிக்க எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம். பேத்தியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், ஆயாவைக் கொலைகாரி மாதிரிப் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை மாதம். பகலில் நல்ல பிள்ளை. இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக் கட்டிலுக்குள் குப்புற விழுந்துவிட்டு அழுகிறாள், மல்லாத்திவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். துணியில் இறுகச் சுற்றிப் பார்த்தோம், இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் பார்த்தோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், தூளி கட்டினால் புரளவே முடியாது என்கிறார். நாங்கள் எப்போதுதான் தூங்குவது?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: முதலில் துணி சுற்றுவதை இன்று இரவே நிறுத்துங்கள். குழந்தை புரள ஆரம்பித்துவிட்டது, ஆரம்பிக்கப் போகிறது என்று தெரிந்த அன்றைக்கே அது முடிந்தது. கைகள் கட்டிய நிலையில் குப்புற விழுந்தால் தலையைத் தூக்க ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. கை வெளியே இருக்கும் ஸ்லீப்பிங் பேக் போடலாம், உங்கள் ஊர்க் குளிருக்கு அது போதும், மேலே போர்வை வேண்டாம். தலையணையும் குழந்தைக் கட்டிலை விட்டு வெளியே. புரளாமல் தடுக்கும் என்று விற்கும் ஸ்பாஞ்ச் கட்டைகள், குழந்தைக் கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் துணி, கரடி பொம்மை, எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. உறுதியான தட்டை மெத்தை, இழுத்துச் செருகிய விரிப்பு, குழந்தை, அவ்வளவுதான்.

தூளி நம் எல்லாருக்கும் பிடிக்கும், நானே அதில் வளர்ந்தவள்தான், ஆனால் புரளும் குழந்தைக்குத் தூளி ஆகாது. அதில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் படும், புரண்டால் முகம் துணியில் அழுந்தும், விளிம்பில் வந்து கீழேயும் விழும். மாமியார் மனம் கோணாமல் இருக்க, பகலில் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டுகிற நேரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தூங்கியதும் குழந்தைக் கட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும்.

இரவு ஆட்டத்துக்குக் காரணம், புதிதாகக் கற்ற வேலையை அரைத்தூக்கத்திலும் செய்து பார்ப்பதுதான். அவள் குப்புற விழக் கற்றுவிட்டாள், திரும்பக் கற்கவில்லை. அந்தப் பாதியைப் பகலில் கற்றுக் கொடுங்கள். குப்புறப் படுத்திருக்கும்போது ஒரு கையை மெதுவாக உடம்புக்கு அடியில் மடக்கிவிட்டு, எதிர்ப் பக்கத் தோளுக்கு மேலே பொம்மையைக் காட்டுங்கள், தலை அதன் பின்னால் போகும், இடுப்பில் லேசாக ஒரு விரல் உதவி போதும். இரண்டு பக்கமும் செய்யுங்கள். இதில் கெட்டியாகும் வரை இரவில் நீங்கள் பார்க்கும்போது மல்லாத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் தானே சுலபமாகப் புரளத் தெரிந்துவிட்டால், அப்புறம் படுக்கப் போடும்போது மல்லாத்திப் போட்டால் போதும், நடு இரவில் அவளாகத் திரும்பிக்கொண்டதை எழுந்து எழுந்து மாற்ற வேண்டியதில்லை.

தூக்கம் தாளாமல் ஹால் சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்வதை மட்டும் செய்யாதீர்கள், அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருப்பதிலேயே ஆபத்தான இடம் அதுதான். குழந்தைக் கட்டிலை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போடுங்கள், குறைந்தது 6 மாதம் வரை உங்கள் அறையிலேயே இருக்கட்டும். டம்மி (பால் வராத ரப்பர் காம்பு) வாயில் வைத்துத் தூங்கினால் தூங்கட்டும், நல்லதுதான்.

கேள்வி: நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன், பகலில் ஒரு ஜூலு அம்மா மகனைப் பார்த்துக்கொள்கிறார். பாதி நேரம் போர்வையால் முதுகில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார். தரையில் விடாமல் முதுகிலேயே வைத்திருந்தால் புரளுவது தாமதமாகுமா? ஆனால் அவர் பிள்ளைகள் எல்லாம் சீக்கிரம் நடந்தார்களாம்!
– லேனேசியா வாசகி

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1970-களில் சார்லஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் கென்யாவில் கிப்சிகிஸ் மக்களின் குழந்தைகளைக் கவனித்து எழுதினார். அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். காரணம் இரத்தமோ இனமோ இல்லை, அங்கே அம்மாக்கள் உட்காரவும் நடக்கவும் தினமும் பழக்குகிறார்கள். பழக்காத புரளுதலிலும் தவழ்தலிலும் அந்தக் குழந்தைகள் முந்தவில்லை. அதே மாதிரி, மல்லாந்து தூங்கும் குழந்தைகள் புரளுவதும் தவழ்வதும் கொஞ்சம் பிந்தும், நடப்பது அதே வயதில்தான் என்று 1998-ல் ஒரு அமெரிக்க ஆய்வும் சொன்னது.

முதுகில் கட்டுவது நல்ல பழக்கம். கழுத்துக்கு வேலை, இடுப்புக்கு நல்ல நிலை, குழந்தைக்கு மனிதச் சூடு. முகம் மூடாமல், தாடை நெஞ்சில் அழுந்தாமல் இருந்தால் போதும். அந்த அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் தரையில் விடச் சொல்லி. மீதியை நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 4 மாதப் பையன் கட்டிலிலிருந்து புரண்டு விழுந்துவிட்டான். உடனே அழுதான், பிறகு பால் குடித்தான், நெற்றியில் சின்ன வீக்கம். மனைவி என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது பயப்பட வேண்டும்?
– சாட்ஸ்வர்த் அப்பா

பதில்: தம்பி, மனைவி விஷயத்தில் என்னால் உதவ முடியாது. குழந்தை விஷயத்தில், உடனே அழுது, பிறகு சிரித்து, வழக்கம்போல் பால் குடித்து, வீக்கம் நெற்றியில் மட்டும் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இரண்டு நாளும் தாண்டிவிட்டது. ஆனால் மற்றவர்களும் படிப்பதால் சொல்கிறேன். விழுந்ததும் சில நொடியாவது நினைவில்லாமல் இருந்தது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வழக்கத்துக்கு மாறான அழுகை, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரிக் கசிவு, மண்டையின் பக்கவாட்டிலோ பின்னாலோ மெத்தென்ற வீக்கம், ஒரு மீட்டர் உயரத்துக்கு மேலிருந்து விழுந்தது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 3 மாதத்துக்குக் கீழே என்றால் எதுவும் தெரியாவிட்டாலும் காட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. தூக்கிக் குலுக்குவது, தலையில் தைலம் தேய்ப்பது, இரண்டும் வேண்டாம்.

கேள்வி: ஐந்தரை மாதம், இன்னும் ஒரு தடவைகூடப் புரளவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்றாம் மாதமே புரண்டதாம். என் அண்ணி அவர் பிள்ளை ஓட்டிய வாக்கிங் ரிங்கை (குழந்தை உட்கார்ந்தபடி உருட்டிப் போகும் சக்கர வாக்கர்) கொடுத்திருக்கிறார், அதில் உட்கார வைத்தால் சீக்கிரம் வருமா?
– வெருலம் வாசகி

பதில்: பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதை விடுங்கள். தலை நன்றாக நிற்கிறது, பொம்மையை எட்டிப் பிடிக்கிறது, குப்புறப் போட்டால் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குகிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. 6 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கிளினிக் சிஸ்டரிடம் சொல்லுங்கள், பார்ப்பார்கள். தலையே நிற்கவில்லை, உடம்பு துவண்டு கிடக்கிறது என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். கார் சீட், பவுன்சர், மடி என்று நாள் முழுக்க மாற்றி மாற்றி உட்கார வைக்கும் வீட்டில் புரள இடம் ஏது? தரையில் விடுங்கள்.

வாக்கிங் ரிங் வேண்டவே வேண்டாம். அது புரளவும் உதவாது, நடக்கவும் உதவாது, படிக்கட்டிலிருந்து உருண்டு மண்டை உடைவதற்கும் அடுப்பில் இருப்பதை எட்டி இழுப்பதற்கும்தான் உதவும். கனடாவில் 2004-ல் அதை விற்பதையே தடை செய்துவிட்டார்கள், பழையதைக் கை மாற்றிக் கொடுப்பதுகூட அங்கே குற்றம். அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அதனால் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.